ஆறாம் மாடியில் இரண்டாவது அறை

இராஜரட்ணம் அண்ணையைப் பதினான்கு மாதமாக நான்தான் காலையில் காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அவருடைய வீடு டொரோண்டோவின் கிழக்குப் பக்கம், மோர்னிங்சைட்டில். என்னுடையது அங்கிருந்து ஐந்து நிமிடம். இருவருக்கும் வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில். அவர் அங்கே இருபத்தாறு வருடமாக இருக்கிறார், நான் ஒன்பது வருடம். முன்பெல்லாம் அவர் தானே ஓட்டிக்கொண்டு வருவார். சீனாவில் மகனுடைய காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பிய பிறகு, 401 நெடுஞ்சாலையில் ஓட்ட முடியவில்லை என்றார். பாரவண்டி ஒன்று பக்கத்தில் வந்தால் காரை ஓரத்தில் நிறுத்திவிடுகிறாராம்.

"சச்சி, கொஞ்ச நாளைக்கு உன்னோட வரட்டோ?" என்று கேட்டார்.

அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை. இந்தக் கதை அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை ஒரே மூச்சில் சொன்னவர் அல்ல. ஒருநாள் ஒரு துண்டு, பிறகு பத்து நாள் மௌனம், பிறகு இன்னொரு துண்டு. நான் அவற்றை வரிசையாக வைத்துச் சொல்கிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அட்சயா, ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை, கணவன் ராகுலனோடு ஏஜாக்ஸில் இருக்கிறாள். இளையவன் பிரியந்தன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போய், இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வரலாறு படித்தான். இராஜரட்ணம் அதைப் பொறுத்துக்கொண்டார். படிப்பு முடிந்தும் நிரந்தர வேலை கிடைக்காமல் ஆறு மாத ஒப்பந்தம், நாலு மாத ஒப்பந்தம் என்று அலைந்தான். அதையும் பொறுத்துக்கொண்டார். இருபத்தெட்டு வயதில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டு மேசையில், சீனாவில் குன்மிங் என்ற ஊரில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, ஓகஸ்டில் போகிறேன் என்றான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஊரில இருந்து ஓடிவந்து இஞ்ச எங்களுக்கு ஒரு கதவு திறக்க எத்தினை வருசம் எடுத்தது தெரியுமோடா?" என்றார். "நீ அதைச் சாத்திப்போட்டு இன்னொருத்தன்ர வாசல்ல போய் நிக்கப் போறியோ?"

"ஐ ஆம் நொட் ரன்னிங் எவே, அப்பா. ரெண்டு மூண்டு வருசம் இருந்து பாக்கப் போறன். அவ்வளவுதான்."

"அங்க ஒருத்தனும் உன்னைக் கனடாக்காரன் எண்டு பாக்கமாட்டான். உன்ர முகத்தைத்தான் பாப்பான்."

"இஞ்ச மட்டும் என்னவாம்?" என்றான் பிரியந்தன்.

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான் என்று அவரே என்னிடம் சொன்னார். ஆனால் அது அவருக்குச் சுட்டுவிட்டது. தான் முப்பத்தைந்து வருடமாகக் கட்டி வைத்திருந்த ஒன்றை மகன் ஒரு வார்த்தையில் தட்டிவிட்டது போல இருந்ததாம். தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அன்றிலிருந்து மகனோடு பேசவில்லை.

பிரியந்தன் புறப்பட்ட நாளில் அவர் விடுப்பு எடுக்கவில்லை. வேலைக்கு வந்தார். அன்று அவர் நின்ற வரிசையிலேதான் அந்த விமானத்துக்கான சாப்பாட்டு வண்டிகள் போயின. வண்டியில் ஒட்டியிருந்த தாளில் விமானத்தின் இலக்கத்தைப் பார்த்தார். நான் அப்போது அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அண்ணை என்ன இன்று இப்படி மெதுவாகத் தள்ளுகிறார் என்று மட்டும் நினைத்தேன்.

அவன் ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் தாய்க்கு வீடியோவில் எடுப்பான். தாய் சந்திரவதனா குசினி மேசையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவனோடு கதைப்பார். "அப்பா எங்கை?" என்று அவன் கேட்பான். "கராச்சுக்குள்ள நிக்கிறார்", "குளிக்கிறார்", "கடைக்குப் போட்டார்" என்று சந்திரவதனா ஏதாவது சொல்வார். இராஜரட்ணம் அடுத்த அறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே போய் இரண்டாவது மாதம் அவன் வீடு ஒன்று எடுத்தபோது, தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்து தாய்க்குக் காட்டினான். "அப்பாவையும் கூப்பிடுங்கோ, அம்மா" என்றான். இராஜரட்ணம் போகவில்லை. கதவு நிலையில் நின்று அவனுடைய குரலை மட்டும் கேட்டார்.

சந்திரவதனாவுக்குப் போய்ப் பார்க்க ஆசை. மார்கழியில் அங்கே குளிர் அதிகம் இல்லை, ஏரிக்கு எங்கிருந்தோ கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வரும், வாங்கோ என்று மகன் சொல்லியிருந்தான். கணவனிடம் கேட்டார். "நீர் போறதெண்டாப் போம்" என்றார் அவர். அவரில்லாமல் சந்திரவதனா எங்கும் போனதில்லை. போகவில்லை.

இப்படி ஒரு வருடமும் பத்து மாதமும் போயிற்று.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். இராஜரட்ணம் வீட்டின் பின்பக்கத்தில் தக்காளிக் கன்றுகளுக்குத் தடி கட்டிக்கொண்டிருந்தார். அட்சயாவும் ராகுலனும் வந்தார்கள். அட்சயாவுக்கு அப்போது ஏழு மாதம். வேலை நாளில் இருவரும் ஒன்றாக வந்தது அவருக்குப் புதுமையாக இருந்தது. அவள் புல்லிலே நின்றபடி, "அப்பா, தம்பி..." என்றாள். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. ராகுலன்தான் சொன்னான். மழை. பிரியந்தன் பள்ளிக்கூடம் முடிந்து மின்சார ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போயிருக்கிறான். சந்தியில் திரும்பிய பாரவண்டி ஒன்று அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு மணித்தியாலத்தில் உயிர் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அவன் கொடுத்திருந்த அவசரத் தொடர்பு இலக்கம் அட்சயாவினுடையது.

தான் போய் எல்லாவற்றையும் செய்து முடித்துக்கொண்டு வருகிறேன் என்று ராகுலன் சொன்னான். நல்ல பிள்ளை. இராஜரட்ணம் விடவில்லை.

"அவனை வழியனுப்பப் போகாதவன் நான். நான்தான் போகவேணும்" என்றார்.

சந்திரவதனா எழும்பி நடக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை. விசா எடுத்து, பத்தாம் நாள் அவர் தனியாகக் குன்மிங்கில் போய் இறங்கினார்.

விமான நிலையத்தில் பள்ளிக்கூடத்து அலுவலகப் பெண் ஒருத்தி அவருடைய பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிலி என்று தன்னைச் சொன்னாள். இருபத்தைந்து வயது இருக்கும், ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். அவருக்கு ஹோட்டலில் அறை போட்டிருந்தார்கள்.

"மகன்ர வீடு இருக்குத்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நான் அங்க நிக்கிறன்."

லிலி தயங்கினாள். பிறகு வீட்டுக்கார அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் நிறையப் பேச்சுக் கேட்டது. லிலி வைத்துவிட்டு, "வரச் சொல்கிறார்" என்றாள்.

அது பழைய அடுக்குமாடி வீடு. ஆறாம் மாடி. லிஃப்ட் இல்லை. குன்மிங் மலைநாட்டில் உள்ள ஊர், புதிதாகப் போகிறவர்களுக்குச் சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்குமாம். இராஜரட்ணத்துக்கு அதோடு முழங்கால் வேறு. இருபத்தாறு வருடம் குளிர் அறைக்குள் நின்று வண்டி தள்ளிய முழங்கால். படியடியில் வீட்டுக்கார அம்மா நின்றார். பெயர் யாங். அறுபத்தேழு வயது, மெலிந்த உடம்பு, கட்டையாக வெட்டிய நரை முடி, இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறவர். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் முக்காலி வைத்திருந்தார். அவர் ஏன் அதை வைத்திருக்கிறார் என்று இராஜரட்ணத்துக்கு விளங்கவில்லை. முதலாம் மாடி வந்ததும் அம்மா முக்காலியை வைத்து, இரு என்று கையைக் காட்டினார். அவர் இருந்து எழும்பியதும் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறி, அடுத்த மாடியில் வைத்தார். ஆறு மாடியும் அப்படித்தான் ஏறினார்கள்.

கதவைத் திறப்பதற்கு முன் அம்மா தன் தொலைபேசியில் ஏதோ பேசி, திரையை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார். தமிழ் எழுத்துகள்!

'நீங்கள் தந்தை. நான் வீட்டின் உரிமையாளர். நான் எந்தப் பொருளையும் தொடவில்லை. மிகவும் வருத்தம்.'

இப்போது எல்லாத் தொலைபேசியிலும் இது இருக்கிறது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு கூடம், ஒடுங்கிய குசினி, கண்ணாடி அடைத்த பல்கனியில் ஒரு சலவை இயந்திரம். அதற்கு மேலே கம்பியில் பிரியந்தனுடைய சேட்டுகள் நாலு தொங்கின. அவன் அன்று காலையில் தோய்த்துப் போட்டுவிட்டுப் போனவை. பத்து நாளாக அப்படியே கிடந்து காய்ந்து விறைத்திருந்தன. இராஜரட்ணம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். லிலியும் வீட்டுக்கார அம்மாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கூடத்தின் இடதுபக்கத்தில் பிரியந்தனுடைய அறை. பலகைக் கட்டில், அதன்மேல் சாக்குப் போல மெல்லிய ஒரு மெத்தை, பக்கத்தில் புத்தகங்கள். வலதுபக்கத்தில் இன்னொரு கதவு சாத்தியிருந்தது. அம்மா அதைத் திறந்தார். பெரிய கட்டில். ஒரு சாண் தடிப்பில் மெத்தை, நீல விரிப்பு, இரண்டு தலையணை. கீழே இரண்டு சோடி புதுச் செருப்பு, ஒன்று ஆணுடையது, ஒன்று பெண்ணுடையது.

"இது ஆரின்ர அறை?" என்று கேட்டார்.

லிலி கேட்கும் முன்பே அம்மா தொலைபேசியை நீட்டினார்.

'இது தந்தை தாய் அறை. காத்திருக்கிறது.'

வீட்டுக்கார அம்மாவின் தாய் தகப்பனுடைய அறையாக்கும், தொடக்கூடாது என்கிறா என்று அவர் விளங்கிக்கொண்டார். "ஓகே, ஓகே" என்று பின்னுக்கு வந்தார். லிலி அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

"இல்லை, அங்கிள்" என்றாள். அங்கிள் என்ற சொல்லை அவளுக்குப் பிரியந்தன் பழக்கியிருந்தான். "உங்களுடைய அறை. உங்களுக்கும் பிரியனுடைய அம்மாவுக்கும். வீடு எடுத்த நாளிலிருந்து இது இப்படித்தான் இருக்கிறது."

இதைச் சொன்ன அன்று நாங்கள் 401இல் விக்டோரியா பார்க்கைத் தாண்டிக்கொண்டிருந்தோம். அடுத்த துண்டு வர ஒரு கிழமைக்கு மேல் ஆயிற்று.

அந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஒரு வீட்டில் தங்கினால், இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரரோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். அடுத்த நாள் காலையில் மூவரும் போனார்கள். வாங்குப் பலகையில் காத்திருந்தபோது லிலி, பிரியந்தன் வீடு தேடிய கதையைச் சொன்னாள்.

பதினொரு வீடு பார்த்தானாம். தரகரிடம் கேட்கும்போது வீடு இருக்கும். வெளிநாட்டுக்காரன் என்றதும் பொலிஸ் பதிவுக்கு அலைய வேண்டும் என்று பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். மீதிப் பேர் கனடாக்காரன் என்று கேட்டுச் சம்மதித்து, ஆள் நேரில் போய் நின்றதும், நேற்றுத்தான் கொடுத்துவிட்டோம் என்பார்கள். யாங் அம்மாவும் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்.

"நான் அவனிடம், விடு, வேறு பார்ப்போம் என்றேன்" என்றாள் லிலி. "அவன் கேட்கவில்லை. என் அப்பா டொரோண்டோவில் வீடு தேடினபோது இப்படித்தான் நடந்தது, அவருக்கு இதற்கு ஒரு வழி தெரியும் என்றான். அடுத்த நாள் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு தனியாகப் போனான். முடியாது என்றார். அதற்கடுத்த நாளும் போனான்."

எண்பத்தெட்டில் இராஜரட்ணமும் கூட்டாளி ஒருவரும் வெலஸ்லி வீதிப் பக்கம் வீடு தேடி அலைந்தவர்கள். தொலைபேசியில் இருக்கிற வீடு, ஆளைக் கண்டதும் இல்லாமல் போகும். ஒரு வீட்டுக்காரனிடம் மட்டும் மூன்று நாள் தொடர்ந்து போய் நின்றார். சப்பாத்தை மினுக்கு, முகத்தைக் கழுவு, மூன்றாம் தரமும் மணியை அடி, மூன்றாம் தரம் சனம் முகத்தைப் பார்க்கும். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அட்சயாவாவது சிரிப்பாள். பிரியந்தன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருப்பான்.

"அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், சச்சி" என்றார் என்னிடம்.

பொலிஸ்காரப் பையன் கணினியில் விலாசத்தைத் தட்டினான். திரையில் பிரியந்தனுடைய படம் வந்தது. கடவுச்சீட்டுக்கு எடுத்த படம், சிரிக்காத படம். அந்த விலாசத்தில் அவன் இன்னும் வசிப்பவனாகவே இருந்தான். அதை எடுத்த பிறகுதான் இவரைப் போட முடியும் என்று லிலியிடம் சொன்னான். லிலி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பையன் எழும்பி நின்று, இரண்டு கையாலும் இவருடைய கடவுச்சீட்டை வாங்கினான். பிறகு உட்கார்ந்து ஒரு பொத்தானை அமத்தினான். படம் போய்விட்டது. அதே இடத்தில் இராஜரட்ணம் என்ற பெயரை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அடித்தான். பார்க்க வந்தவர் என்று போடவா, தங்கியிருப்பவர் என்று போடவா என்று கேட்டான். தங்கியிருப்பவர் என்று போடச் சொன்னார்.

தகனம் அடுத்த கிழமை. ஐயர் இல்லை, தேங்காய் இல்லை. வேட்டி அவர் கொண்டுபோயிருந்தார். தெரிந்த ஒரு தேவாரத்தைத் தொடங்கினார். இரண்டு அடி வந்தது, மூன்றாவது அடி வரவில்லை. சின்ன வயதிலிருந்து தினமும் பாடுகிற தேவாரம். யாங் அம்மா அவருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அப்படியே விட்டுவிட்டு, "போட்டு வா, அப்பன்" என்று சொன்னார். ஒரு வருடம் பத்து மாதத்துக்குப் பிறகு மகனிடம் பேசிய முதற் பேச்சு.

பத்திரங்களும் கையெழுத்துகளும் முடிய அவர் அங்கே பதினெட்டு நாள் நிற்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கார அம்மா அவருக்கு அந்த வீட்டைப் பழக்கினார். காஸ் மீட்டரில் அட்டையை எப்படிச் செருகுவது, குப்பையை எத்தனை மணிக்குள் கீழே வைப்பது. கூரையில் இருந்த சூரிய வெப்பத் தண்ணீர்த் தாங்கியிலிருந்துதான் வெந்நீர் வரும், மழை பெய்த நாளில் வராது. அப்படியான நாட்களில் அம்மா கீழேயிருந்து ஒரு பெரிய சுடுதண்ணீர்ப் போத்தலைத் தூக்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். பிரியந்தன் அவரை ஆயீ என்று கூப்பிடுவானாம். தமிழில் தாயைச் சொல்லும் ஆயிதானோ அது என்று இராஜரட்ணத்துக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. அவர்களுடைய பாசையில் அது அன்ரி என்று லிலி விளக்கினாள். அதன்பிறகு அவரும் ஆயீ என்றே கூப்பிட்டார். குசினியில் சந்திரவதனா தபாலில் அனுப்பிய மிளகாய்த்தூள் பாதிப் பை இருந்தது. அதில் ஓர் உருளைக்கிழங்குக் கறி வைத்து, அம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா வியர்த்து வழிந்து, மூக்கைத் துடைத்துத் துடைத்து முழுவதையும் சாப்பிட்டார்.

கறிப் பாத்திரத்தைத் திருப்பி எடுக்கப் போன நாளில்தான் அவர் ஒன்றைக் கவனித்தார். அம்மாவின் வீட்டில் இருந்தது நிலத்தோடு பதித்த, குந்தி இருக்கிற கக்கூஸ். அந்தக் கட்டடம் முழுவதும் அப்படித்தான். மேலே மகனுடைய வீட்டில் மட்டும் கொமோட். பக்கத்துச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் இருந்தது. கையால் சைகை காட்டிக் கேட்டார். அம்மா தொலைபேசியை எடுத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். திரை தமிழில் நிரம்பியது.

'உங்கள் மகன் மூன்று மாதம் என்னுடன் சண்டை செய்தார். நான் நிலத்தை உடைக்க வேண்டாம் என்று சொன்னேன். தந்தையின் முழங்கால் வளையாது என்று அவர் சொன்னார். தினமும் சொன்னார். நான் தோற்றுவிட்டேன். தொழிலாளி வந்தபோது அவர் அருகில் நின்று உயரத்தை அளந்தார். இந்தத் தொலைபேசியில் உங்கள் மொழியையும் அவரே வைத்தார். தந்தை வந்தால் நீங்கள் அவருடன் பேசுங்கள், தந்தை என்னுடன் பேசமாட்டார் என்று சொன்னார்.'

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். அம்மா பயந்துபோய் அவரைக் கதிரையில் இருத்தினார்.

அடுத்த நாள் காலையில் சந்திரவதனா வீடியோவில் எடுத்தார். கனடாவில் முதல்நாள் பின்னேரம்.

"பிள்ளையின்ர வீட்டைக் காட்டுங்கோ" என்றார். "நல்லா இருந்தவனோ எண்டு பாப்பம்."

இராஜரட்ணம் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூடம், குசினி, மிளகாய்த்தூள் பை, பல்கனி, பிரியந்தனுடைய கட்டில், புத்தகங்கள். சந்திரவதனா ஒவ்வொன்றிலும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். வலதுபக்கக் கதவு வந்ததும் இராஜரட்ணம் அதைச் சாத்தினார்.

"அதென்ன?"

"அது சாமான் அறை" என்றார்.

மனைவி மூன்று தடவை கேட்டும் தான் வராமல் விட்ட வீட்டில் இப்படி ஓர் அறை இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாராம். உண்மையில் பயம்தான் என்று என்னிடம் ஒத்துக்கொண்டார்.

புறப்படும் கிழமையில் கீழே மரக்கறி விற்கிற பெண் அவரைக் கண்டால் உருளைக்கிழங்கைத் தானே பொறுக்கிப் பையில் போடத் தொடங்கிவிட்டாள். படி ஏறும்போது எந்த மாடியில் ஆறுவது என்று கால் தானாக அறிந்துகொண்டது.

"எனக்கு அந்த வீடு பழகிப்போச்சு, சச்சி" என்றார் ஒருநாள். "பதினெட்டு நாளில பழகிப்போச்சு. அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு. இவ்வளவு லேசாப் பழகியிருக்கலாம். அவன் இருக்கேக்க."

அஸ்தியோடு திரும்பி வந்தார். முப்பத்தோராம் நாள் முடிந்ததும், டொரோண்டோவில் ரூஜ் ஆறு ஏரியில் கலக்கிற இடத்தில் கரைத்தோம். நானும் போயிருந்தேன். காற்று அதிகமாக இருந்தது. சந்திரவதனா அக்கா அழவில்லை. அட்சயாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். ஓகஸ்ட் கடைசியில் அட்சயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வாழ்த்துவதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் சனம் வந்து போயிற்று. நாட்கள் அப்படியே ஓடின. குழந்தை தவழ்ந்தது, நடக்கத் தொடங்கியது. இராஜரட்ணம் அந்த அறையைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

"அக்காட்டச் சொல்லுங்கோ, அண்ணை" என்று நான்தான் சொன்னேன். சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று கிழமைக்கு முன், ஒரு ஞாயிறு காலையில் சொன்னாராம். சந்திரவதனா குசினி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். இவர் எதிரே போய் இருந்தார்.

"சந்திரா, உம்மட்ட நான் ஒண்டு மறைச்சுப்போட்டன். அங்க ஒரு கதவைச் சாத்திப்போட்டு, சாமான் அறை எண்டு சொன்னனான். அது சாமான் அறை இல்லை."

சந்திரவதனா முறிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எங்கட அறை. நீலச் சீலை விரிச்ச கட்டில். நீங்கள் வேலைக்குப் போன ஒருநாள் பிள்ளை எனக்குக் காட்டினவன். கொமோட் போடேக்க, அப்பா எவ்வளவு உயரத்தில இருந்தா லேசா எழும்புவார் எண்டு என்னட்டத்தான் கேட்டவன். மேல எங்கட பாத்ரூமில டேப் வைச்சு அளந்து நான்தான் சொன்னனான்."

இராஜரட்ணம் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லக்கூடாது எண்டு அவன்தான் சொன்னவன். அப்பா தானா வாறன் எண்டு சொல்லட்டும், அதுக்குப் பிறகு காட்டுவம் எண்டவன். நான் உங்களை மூண்டு தரம் கேட்டன், மார்கழிக்குப் போவமோ எண்டு. மூண்டாந்தரம் கேக்க நீங்கள் ரீவீயின்ர சத்தத்தைக் கூட்டினீங்கள்."

அவர் தட்டிலிருந்து ஒரு பயற்றங்காயை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"நீங்கள் அந்தக் கதவைச் சாத்தேக்க, கண்டிட்டீங்கள் எண்டு எனக்கு விளங்கிட்டுது. பிள்ளையும் போட்டான். இதையும் சொல்லி இந்த மனுசனை ஏன் கொல்லவேணும் எண்டுதான் நானும் பேசாமல் இருந்தனான்."

சந்திரவதனா இன்னும் இரண்டு பயற்றங்காய் முறித்தார். பிறகு கணவனுடைய முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தக் கட்டில்லையோ படுத்தனீங்கள்?"

"ஓம்."

"நித்திரை வந்ததோ?"

அவர் யோசித்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வருடமாக மறைத்ததைச் சொல்ல வந்து இருந்த இடத்தில் இன்னொரு பொய் வரவில்லை. அந்த மெத்தையில் அவருடைய முதுகு நோகவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு விடியும்வரை ஒரே நித்திரையாகப் படுத்திருந்தார், மகன் செத்து இரண்டு கிழமைகூட ஆகாத நாட்களில்.

"வந்தது" என்றார்.

சந்திரவதனா கையிலிருந்த பயற்றங்காயைத் தட்டில் போட்டார். மகன் போன நாளிலிருந்து கணவனுக்கு முன்னால் அழாதவர், அப்போதுதான் அழத் தொடங்கினார். சத்தம் போட்டு, மேசையைக் கையால் அடித்து அடித்து அழுதார். கிட்டப் போய்த் தொடலாமா என்று இராஜரட்ணத்துக்குத் தெரியவில்லை. எழும்பிப் போகவும் மனம் வரவில்லை. எதிரிலேயே இருந்தார்.

இவ்வளவையும் அவர் எனக்குச் சொன்னது போன புதன்கிழமை. சொல்லி முடியும்போது நாங்கள் மிசிசாகாவுக்கு வந்துவிட்டோம். வேலைத்தலத்துத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"இப்ப சாப்பாடு போடுறா. ஏதும் கேட்டா மறுமொழி சொல்லுறா. ஆனா தானா ஒரு கதையும் கதைக்கிறா இல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நித்திரை வரேல்லை எண்டு சொல்லியிருக்க வேணுமோ, சச்சி?"

நான் காரின் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஷிப்ட் தொடங்க நாலு நிமிடம் இருந்தது. அவர் ஒரு கையால் கதவைப் பிடித்து, வலது காலை முதலில் வெளியே வைத்து, மெதுவாக எழும்பி உள்ளே நடந்தார். நான் காரைப் பூட்டிவிட்டு அவருக்குப் பின்னால் போனேன்.